ஊட்டிப் பழைய பங்களாவுக்கு கன்டென்சிங் ஃபர்னஸ் சரிப்படுமா?

சீகைமரம் | ஃபெர்ன்ஹில், ஊட்டி

எல்லோருக்கும் வணக்கம். 1920களில் கட்டிய வீடு எங்களுடையது. ஒன்றரை அடி கனக் கருங்கல் சுவர், தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை மச்சு, மூன்று அறைகளில் கணப்பு. தாத்தா காலத்தில் சீகை விறகு லோடு லோடாக வந்து இறங்கும். இப்போது விறகுக்கும் வழியில்லை, பிளந்து போட ஆளும் இல்லை.

போன நவம்பரில் சிலிண்டரை உள்ளேயே வைத்து உருட்டிக்கொண்டு போகும் கேஸ் ஹீட்டர் ஒன்று வாங்கினேன். அறை நன்றாகத்தான் சூடாகிறது. ஆனால் காலையில் பார்த்தால் வடக்குச் சுவரில் தண்ணீர் கோடு கோடாக வழிகிறது. பீரோவுக்குப் பின்னால் கருப்பாகப் பூஞ்சை. அம்மாவின் பட்டுப்புடவையில் வெள்ளைப் புள்ளிகள். கூரை ஒழுகுகிறது என்று ஆளை ஏற்றிப் பார்த்தாயிற்று. ஓர் ஓட்டைகூட இல்லை என்கிறார்.

மருமகன் கனடாவில் இருக்கிறார். "மாமா, இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. இங்கே நூறு வருஷ வீட்டில்கூட கன்டென்சிங் ஃபர்னஸ்தான். 96 சதவீதச் செயல்திறன். ஒன்றை இறக்குமதி செய்துவிடலாம்" என்கிறார். அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, நம் மலை வீட்டுக்கு ஒத்துவருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தகரக்கூரை | லவ்டேல்

ஐயா, ஒழுகாத தகரக் கூரை வைத்திருக்கும் ஒரே ஊட்டிக்காரர் நீங்கள்தான். அந்த ஆளின் எண்ணை முதலில் கொடுங்கள், ஃபர்னஸைப் பிறகு பார்க்கலாம்.

---

கோத்தகிரி மகள் | ஸ்கார்பரோ, கனடா

அங்கிள், நான் கோத்தகிரியில் வளர்ந்தவள், பதினாறு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். எங்கள் வீடும் 1920களைச் சேர்ந்த செங்கல் வீடுதான். அதில் இந்த மாற்றத்தைச் செய்து பார்த்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஃபர்னஸ் என்றால் அறைக்குள் நெருப்பு தெரியும் பொருள் அல்ல. நிலவறையில் ஒரு பெரிய தகரப் பெட்டி. உள்ளே எரிவாயு எரிகிறது. எரிந்த புகை உலோகக் குழாய்களுக்குள் ஓடுகிறது. அந்தக் குழாய்களுக்கு வெளியே வீட்டுக் காற்றை ஒரு விசிறி தள்ளுகிறது. சூடான காற்று தகர வழிகள் வழியாக எல்லா அறைகளுக்கும் போகிறது. புகையும் வீட்டுக் காற்றும் எங்கேயும் கலப்பதில்லை.

பழைய ஃபர்னஸில் இப்படி ஒரே ஒரு குழாய்த் தொகுதிதான். புகை அதைக் கடந்த பிறகும் கைவைக்க முடியாத சூட்டோடு புகைபோக்கியில் ஏறிப் போய்விடும். 100 ரூபாய் எரிவாயுவில் 20 ரூபாய், மிகப் பழையதானால் 40 ரூபாய்கூட, வானத்துக்குத்தான். கன்டென்சிங் வகையில் துருப்பிடிக்காத எஃகில் இரண்டாவது குழாய்த் தொகுதி ஒன்று இருக்கும். வீட்டிலிருந்து திரும்பி வரும் 20 டிகிரிக் காற்று முதலில் இதன்மேல் படுகிறது. புகை அங்கே குளிர்ந்து, அதிலிருக்கும் நீராவி தண்ணீராகிறது. கன்டென்சிங் என்ற பெயர் அதனால்தான். மிச்சமிருக்கும் புகை வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அதனால் செங்கல் புகைபோக்கியே தேவையில்லை, வெள்ளை பிளாஸ்டிக் குழாய் போதும். சுவரில் துளை போட்டு ஒரு குழாய் புகை வெளியேற, இன்னொன்று எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே இழுக்க. கனடாவில் 2010 முதல் தயாராகும் வீட்டு ஃபர்னஸ் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டமே வந்தது. 2019-இல் அதை 95 ஆக்கினார்கள்.

இனி எங்கள் வீட்டில் பட்ட பாடு. பழைய ஃபர்னஸும் எரிவாயுவில் சூடாகும் வெந்நீர்த் தொட்டியும் ஒரே புகைபோக்கியைப் பயன்படுத்தி வந்தன. ஃபர்னஸ் பிளாஸ்டிக் குழாய்க்குப் போனதும் அந்தப் பெரிய புகைபோக்கியில் வெந்நீர்த் தொட்டி மட்டும் அநாதையாக நின்றது. அதன் கொஞ்சப் புகையால் அவ்வளவு பெரிய செங்கல் கூண்டைச் சூடாக்க முடியவில்லை. நீராவி உள்ளேயே படிந்து செங்கல் உதிரத் தொடங்கிவிட்டது. உள்ளே உலோகக் குழாய் இறக்க வேண்டும் என்று பொருத்தியவர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. வடிந்த தண்ணீர் போகும் குழாயை அவர் வெளிச்சுவர் ஓரமாக விட்டிருந்தார். ஜனவரியில் மைனஸ் 20. குழாய் உறைந்தது, தண்ணீர் தேங்கியது, ஃபர்னஸ் தானாக நின்றது. நள்ளிரவு இரண்டு மணிக்கு நானும் கணவரும் தலை உலர்த்தியை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் குழாயோடு மல்லுக்கட்டினோம்.

ஆனாலும் குறை சொல்ல மாட்டேன். எரிவாயு பில் உண்மையாகவே குறைந்தது.

---

இயற்பியல் வாத்தியார் | குன்னூர்

தங்கையின் விளக்கம் அருமை. சீகைமரம் ஐயாவின் சுவரும் தங்கையின் உறைந்த குழாயும் ஒரே கதை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அவருடைய சுவரில் வழிவதும் இவருடைய குழாயில் வடிவதும் ஒரே தண்ணீர்தான்.

எரிவாயுவில் கரியும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. எரியும்போது அந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர். எரித்த பொருளைவிடத் தண்ணீரின் எடை கூடுதலாக இருப்பது எப்படி என்று வகுப்பில் கேட்பேன். முக்கால்வாசிப் பிள்ளைகள் ஆக்சிஜனை மறந்துவிடுவார்கள்.

ஐயாவின் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது அறைக்குள் 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் வந்து சேர்கிறது. ஒரு குடம் அல்ல, ஒன்றரைக் குடம்! அந்த ஹீட்டருக்குப் புகைக்குழாய் கிடையாது என்பதால் அது வெளியே போக வழியில்லை. ராத்திரியில் கருங்கல் சுவர் 8, 9 டிகிரிக்கு இறங்குகிறது. நீராவி போய் அங்கே படிகிறது. கூரை ஒழுகவில்லை என்று அந்த ஆள் சொன்னது உண்மை.

நீராவி தண்ணீராகும்போது தன்னிடம் ஒளித்து வைத்திருக்கும் வெப்பத்தை விடுகிறது. பாடப்புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்பீர்கள். நமது எரிவாயுவில் இது மொத்த வெப்பத்தில் ஏறக்குறைய 8 சதவீதம். கனடாவில் குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன், அதில் ஹைட்ரஜன் பங்கு அதிகம் என்பதால் 10 சதவீதம். இந்தப் பங்கைப் பிடிக்கத்தான் இரண்டாவது குழாய்த் தொகுதி. புகையை ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால்தான் அது தண்ணீராகத் தொடங்கும்.

---

சீகைமரம் | ஃபெர்ன்ஹில், ஊட்டி

வாத்தியார் ஐயா, ஒன்றரைக் குடம் தண்ணீரா! மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "பட்டுப்புடவையை நீங்களே நனைத்துவிட்டு, பாவம் அந்தக் கூரைக்காரரைத் திட்டினீர்களே" என்கிறாள்.

ஒரு சந்தேகம். என் ஹீட்டரில் புகைபோக்கியே இல்லை. அப்படியானால் வெப்பம் எதுவும் வெளியே வீணாகவில்லை அல்லவா? கணக்குப்படி என்னுடையதும் நூறு சதவீதம்தானே?

---

இயற்பியல் வாத்தியார் | குன்னூர்

கணக்குப்படி நூறேதான் ஐயா. உங்கள் வடக்குச் சுவர்தான் இரண்டாவது குழாய்த் தொகுதி. என்ன, அது துருப்பிடிக்காத எஃகு அல்ல, அவ்வளவுதான்.

வடியும் தண்ணீர் சாதாரணத் தண்ணீரும் அல்ல. கரியமில வாயு கரைந்து லேசான அமிலமாக இருக்கும். ஃபர்னஸில் எஃகும் பிளாஸ்டிக்கும் போடுவது அதற்காகத்தான்.

---

குன்னூர் ஃபிட்டர்

நான் கேஸ் லைன் வேலை செய்கிறவன். ஹோட்டல், எஸ்டேட் பங்களா, விடுதிகளில் 22 வருட அனுபவம். கட்டுரை எழுத வராது, தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சீகைமரம் சார், இன்று இரவு அந்த ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். தண்ணீரைக் கண்ணால் பார்க்கலாம், கார்பன் மோனாக்சைடைப் பார்க்க முடியாது, மணமும் இல்லை. பனிக்குப் பயந்து ஜன்னல் இடுக்கில் துணி அடைத்திருப்பீர்கள். அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய எரிவது அரைகுறையாகும். கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிரை விட்ட சுற்றுலாப் பயணிகள் செய்தி நம் மலைகளுக்குப் புதிதல்ல. கரியைவிட கேஸ் சுத்தம்தான், ஆனால் பூட்டிய அறையில் அதையும் நம்பக் கூடாது. அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

இரண்டாவது, உயரம். ஊட்டி 7,350 அடி. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட 20 சதவீதத்துக்கும் மேல் குறைவு. கீழே சரியாக எரியும் பர்னர் இங்கே காற்றுப் போதாமல் மஞ்சளாக எரியும், கரி பிடிக்கும். அமெரிக்கக் கணக்கு ஒன்று உண்டு. 2000 அடிக்கு மேல் போனால், கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 அடிக்கும் 4 சதவீதம் என்று இயந்திரத்தின் திறனைக் குறைக்க வேண்டும். நம் ஊருக்கு அது கால் பங்குக்கும் அதிகம். பர்னரின் துளையை அதற்கேற்பச் சிறிதாக மாற்ற வேண்டும். இறக்குமதிப் பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும், துளையை மாற்றி அளந்து பார்க்கிறவர் யார்?

மூன்றாவது, கேஸ். அங்கே தெருவில் குழாயில் வருகிறது. உங்கள் வீட்டில் சிலிண்டர். 60,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு, ஒரு மணி நேரக் கணக்கு) ஃபர்னஸ் என்றால் மணிக்கு ஒன்றேகால் கிலோ குடிக்கும். ஒரு சிலிண்டர் 11 மணி நேரத்தில் காலி. உறைபனி விழும் இரவில் வெளியே வைத்த சிலிண்டரில் கேஸ் எழும்பவே எழும்பாது. நம் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கிறது. அது பூஜ்ய டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிநிலையை வைத்துக்கொண்டு சோம்பிக் கிடக்கும். தலைக்குந்தா பக்கம் ஜனவரியில் டீக்கடைக்காரர்களைக் கேளுங்கள், அடுப்பு ஏன் அழுகிறது என்று சொல்வார்கள்.

---

தகரக்கூரை | லவ்டேல்

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதான். அதுவும் சிலிண்டர் தின்னும் யானை.

கணப்புகளை விட்டுவிட்டு என்ன பேச்சு? மூன்று இருக்கின்றன என்கிறாரே. ஒரு மூட்டை விறகு, ஒரு கம்பளி, ஒரு கோப்பைத் தேநீர். ஊட்டியில் கல் பங்களாவை 1822-இல் கட்டிய கலெக்டர் சல்லிவன் துரை எந்த ஃபர்னஸை இறக்குமதி செய்தார்?

---

கொடை மேகம் | கொடைக்கானல்

தகரக்கூரை ஐயா, கணப்பு கண்ணுக்குத்தான் சூடு. விருந்தினர் விடுதி நடத்துகிறேன், எனக்குத் தெரியும். பத்து பங்கு வெப்பத்தில் எட்டு ஒன்பது புகைபோக்கியில் போய்விடுகிறது. நெருப்பு மேலே இழுக்கும் காற்றுக்கு ஈடாக வெளியிலிருக்கும் குளிர்காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வரத்தான் செய்யும். முன்பக்கம் முழங்கால் சுடும், பின்பக்கம் முதுகு விறைக்கும். நெருப்பு அணைந்த பிறகும் புகைபோக்கி திறந்தே கிடந்தால் இரவு முழுவதும் வீட்டுச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

நானும் ஒரு காலத்தில் பெரிய திட்டம் போட்டவன். வெந்நீர்க் குழாய் ரேடியேட்டர், அதற்கு கன்டென்சிங் பாய்லர் என்று. இங்கிலாந்தில் 2005 முதல் அதுதான் விதி, நம் வீடும் அந்தக் காலத்து வெள்ளைக்காரர் வீடு, பொருந்திவிடும் என்று ஒருவர் ஆசை காட்டினார். பிறகுதான் தெரிந்தது, ரேடியேட்டரிலிருந்து திரும்பிவரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இல்லாவிட்டால் கன்டென்சிங் பாய்லரும் சாதாரண பாய்லர் போலத்தான் என்று. பெயர்ப்பலகையில் 95, வீட்டில் 85. அதற்காகத் தண்ணீரின் சூட்டைக் குறைத்தால் இரண்டு மடங்கு பெரிய ரேடியேட்டர் வேண்டும். பாய்லரை விட்டுவிட்டு மெத்தை வெப்பமூட்டிகளை வாங்கிப் போட்டேன். விருந்தினர் திருப்தியாகத் தூங்குகிறார்கள். யாரும் வீட்டைச் சூடாக்கச் சொல்லவில்லை, தங்களைத்தான்.

---

இயற்பியல் வாத்தியார் | குன்னூர்

கொடை மேகத்தின் கடைசி வரியைக் கரும்பலகையில் எழுதி வைக்கலாம்.

ரேடியேட்டருக்குச் சொன்ன சிக்கல் ஃபர்னஸுக்கு அவ்வளவாக இல்லை. திரும்பி வருவது 20 டிகிரிக் காற்று, எப்போதும் புகையைக் குளிர்விக்கும். ஆனால் நம் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் புகையிலுள்ள நீராவி தண்ணீராகத் தொடங்கும் எல்லையும் ஐந்து டிகிரி போல இறங்கிவிடும். சின்ன விஷயம்தான், ஆர்வமுள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்.

பெரிய விஷயம் வீடு. உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டேன். ஆயிரம் சதுர அடி, 12 அடி உயரம், கருங்கல் சுவர், வெளியே 5 டிகிரி, உள்ளே 19. சுவர் வழியாக மணிக்கு 4 யூனிட், கூரை வழியாக இரண்டரை, ஜன்னல் கண்ணாடியில் 1, இடுக்குக் காற்றில் 2. மொத்தம் ஏறக்குறைய பத்து யூனிட் வெப்பம். மாலை ஐந்து மணி நேரம் முழு வீட்டையும் சூடாக்கினால் 96 சதவீத ஃபர்னஸிலும் நாலே நாளில் ஒரு சிலிண்டர் தீரும். மாதத்துக்கு ஏழெட்டு. 80 சதவீத இயந்திரமாக இருந்தால் ஒன்பது பத்து. இரண்டுக்கும் நடுவே மிச்சமாவது மாதம் ஒன்றரை இரண்டு சிலிண்டர். அதுவும் நம் ஊரில் வருடத்தில் மூன்று மாதங்களுக்கு. கனடாவில் உள்ளுக்கும் வெளிக்கும் 40 டிகிரி வித்தியாசம், ஆறு மாதக் குளிர், குழாயில் எரிவாயு. அங்கே இயந்திரத்தின் விலை திரும்பி வரும். இங்கே எனக்கு நம்பிக்கையில்லை.

அதே வீட்டில் மச்சுக்கு மேல் நான்கு அங்குலக் கம்பளிப் பஞ்சு பரப்பினால் கூரைக் கணக்கு கால் பங்காகிவிடும். அது சிலிண்டர் கேட்காது.

---

கோத்தகிரி மகள் | ஸ்கார்பரோ, கனடா

வாத்தியார் சார், கணக்கு சரி. ஆனால் முடிவு கொஞ்சம் அவசரமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் சதவீதத்தைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது மூடிய எரிப்பு. எரிவதற்கான காற்று வெளியிலிருந்து, புகையும் வெளிக்கு. வீட்டுக் காற்றை நெருப்பு தொடுவதே இல்லை. இது ஃபர்னஸில் மட்டும் கிடைப்பதல்ல. சுவரில் பொருத்தும் சின்ன அறை ஹீட்டர்களிலும் இதே இரட்டைக் குழாய் ஏற்பாடு உண்டு. கன்டென்சிங் அல்ல, 96 வராது. ஆனால் அந்த ஒன்றரைக் குடம் தண்ணீர் சுவருக்கு வெளியே போய்விடும். அங்கிளின் வீட்டில் ஓர் அறைக்கு அது போதுமே?

இங்கே பழைய வீடுகளில் எல்லோரும் செய்யும் இன்னொரு தவறு, முன்பிருந்த ஃபர்னஸின் அளவையே பார்த்து புதியதை வாங்குவது. முன்பிருந்தது ஓட்டை வீட்டுக்கு வாங்கியது. ஜன்னலை மாற்றி, மச்சில் பஞ்சு போட்ட பிறகு அது இரண்டு மடங்கு பெரிது. ஐந்து நிமிடம் சீறிவிட்டு நின்றுவிடும், பிறகு மறுபடியும் சீறும். அதனால் வீட்டை அளந்து கணக்குப் போட்ட பிறகுதான் நல்ல பொருத்துநர் விலை சொல்வார்.

---

கொடை மேகம் | கொடைக்கானல்

எல்லோரும் கேஸையே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். குளிர், சூடு இரண்டும் தரும் இன்வெர்ட்டர் ஏசியை யாரும் பேசவில்லையே? வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளுகிறது. நம் ஊர்க் குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் போலக் கிடைக்கும். நெருப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஈரப் பனி நாளில் வெளிப்பெட்டியில் பனிக்கட்டி பிடித்து அவ்வப்போது பத்து நிமிடம் ஓய்வெடுக்கும், அது மட்டும்தான் தொல்லை.

---

குன்னூர் ஃபிட்டர்

நல்லதுதான். ஆனால் எங்கள் பக்கம் மாலை ஆறு மணிக்கு வோல்டேஜ் என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 1932-இலேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மாவட்டம் இது, எங்கள் தெரு பல்பு இன்னும் அந்த வருடத்திலேயே எரிகிறது.

---

நெறியாளர்

மின்சாரப் புகார்களுக்குத் தனி இழை இருக்கிறது. ஃபிட்டர் ஐயா, உங்கள் வாக்கியத்தை ரசித்த பிறகே இதை எழுதுகிறேன்.

---

சீகைமரம் | ஃபெர்ன்ஹில், ஊட்டி

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஃபர்னஸ் வாங்கவில்லை. மருமகனுக்கு இந்த இழை முழுவதையும் அனுப்பினேன். அவர் படித்துவிட்டு, "உயரக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை மாமா" என்றார். பெருந்தன்மையான பையன்.

உருட்டு ஹீட்டரை அன்றைக்கே நிறுத்தினேன். பயன்படுத்தாத இரண்டு கணப்புகளின் வாயைப் பலகையால் மூடினோம். புகைபோக்கி உள்ளே ஈரம் கோர்க்காமல் இருக்க ஃபிட்டர் ஐயா சொன்னபடி ஒரு கையளவு சல்லடை விட்டிருக்கிறது. மச்சுக்கு மேல் பஞ்சு பரப்பக் கூரைக்காரரே வந்தார். மேலே மூன்று தலைமுறை எலிக்கூடுகள், 1961-ஆம் வருடக் காலண்டர் ஒன்று, பாட்டி தேடித் தேடி ஓய்ந்துபோன பித்தளைக் கரண்டி. படுக்கையறைக்கு மட்டும் ஏசி. அதற்கு ஒரு ஸ்டெபிலைசர். ஃபிட்டர் ஐயா வந்து பார்த்து, வோல்டேஜ் அளந்து, தலையை ஆட்டிய பிறகுதான் வாங்கினேன்.

ஈரமானி ஒன்று வாங்கி வைத்தேன். ஹீட்டர் காலத்தில் எவ்வளவு காட்டியிருக்கும் என்று தெரியாது. இப்போது காலையில் 65, 68 காட்டுகிறது. சுவரில் வழிவது நின்றுவிட்டது, ஓர் இடத்தைத் தவிர. வடக்குச் சுவரின் கீழ்ப்பாதியில், பத்து வருடங்களுக்கு முன்பு ஒரு கான்டிராக்டர் சுண்ணாம்பைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்த இடம். மீதிச் சுவர் ஈரத்தைக் குடித்துப் பகலில் விட்டுவிடுகிறது. அந்த ஒட்டு மட்டும் கண்ணாடி போல வியர்க்கிறது.

சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் இந்தப் பக்கம் யாராவது மிச்சம் இருக்கிறார்களா?

---

தகரக்கூரை | லவ்டேல்

கேத்தியில் ஒரு பெரியவர் இருக்கிறார், எண்பதைத் தொட்டிருப்பார். சாரத்தில் ஏற மாட்டார். ஆனால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேரனை வேலை வாங்குவார். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பதிலுக்கு அந்தக் கூரைக்காரரின் எண், மறந்துவிடாதீர்கள்.